பின்பாட்டு

அந்த பெஞ்சுல உக்காராதீங்கம்மா, அதுக்கு ஒரு கால் சரியில்ல. இதுல வாங்க. நான் நின்னுக்கறேன். எனக்கு ஒரே எடத்துல உக்காந்தா ஆகாது. முப்பத்தோரு வருஷம் உக்காந்துதான் வேலை பாத்தேன், ஆனா அந்த சீட்டு ஓடிக்கிட்டே இருக்கும். இது ஓடல பாருங்க, அதான் காலெல்லாம் குறுகுறுங்குது.

நீங்களும் இந்த விசாரணைக்குத்தான் வந்தீங்களா? பேப்பர்ல போட்டிருந்தாங்களே, சம்பவத்தப் பத்தித் தெரிஞ்ச பொதுமக்கள் நேர்ல வந்து சொல்லலாம்னு. அதப் பாத்துட்டா? பரவால்லம்மா. அதப் பாத்துட்டு ஒருத்தர் வந்து நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. கையில என்ன, மாவுக்கட்டா? அந்த வண்டியிலயா? எஸ் நாலு பெட்டி. டீயக் கையில வாங்கிக்கிட்டு சீட்டுக்கு நடந்து வந்தீங்க, அப்படியே தூக்கிப் போட்டுடுச்சு. அடடா. வலது மணிக்கட்டு வேற. என்ன வேலை பாக்கறீங்க? தையலா. ஆறு வாரத்துக்கு மிஷின் பக்கம் போக முடியாதே. கஷ்டம்தான்.

அந்தப் பச்சைப் பை உங்களுதா? ஓரத்துல இருக்கு, விழுந்துடப் போகுது. நீலமா? சரி, நீலம். இந்த வராந்தாவுல வெளிச்சமே பத்தல.

மறைச்சுப் பேச எனக்கு வராது. அந்த வண்டிய ஓட்டிட்டு வந்தது நான்தான். பேரு சவரிராயன், ஊரு திருச்சி பொன்மலை. இப்பல்லாம் லோகோ பைலட்னு போடறாங்க. நீங்க டிரைவர்னே சொல்லுங்க. பைலட்னு சொன்னா மட்டும் பறக்கவா போறோம்.

அப்படிப் பாக்காதீங்கம்மா. உங்க கைய ஒடிச்சது நான் இல்ல. பிரேக் போட்டது நான் இல்ல. அதத்தான் இன்னிக்கு உள்ள சொல்லப் போறேன். போட்டது என் அசிஸ்டெண்ட்டு, இசக்கியம்மாள்னு ஒரு பொண்ணு. இருபத்தாறு வயசு, வள்ளியூர்ப் பக்கம். இப்ப அவதான் உள்ள இருக்கா. போயி நாப்பது நிமிஷமாச்சு. அந்தக் கடிகாரம் உங்களுக்கு இங்கேருந்து தெரியுதா? நாப்பத்தஞ்சா? எனக்கும் தெரியுது, சும்மா கேட்டேன். நாப்பத்தஞ்சு நிமிஷம் பேசறதுக்கு அவகிட்ட என்ன இருக்கு?

என்ஜின்ல நாங்க ரெண்டு பேர் இருப்போம். டிரைவர் ஒருத்தர், அசிஸ்டெண்ட்டு ஒருத்தர். தூரத்துல சிக்னல் கண்ணுல பட்ட ஒடனே ரெண்டு பேரும் அது என்ன கலர்னு வாய்விட்டுச் சொல்லணும். மனசுக்குள்ள சொன்னாப் போதாது. கைய நீட்டி, சத்தமா. வெளியாள் பாத்தா ரெண்டு லூசுங்க கத்திக்கிட்டுப் போகுதுன்னு நெனப்பாங்க. ஒருத்தன் கண்ணு ஏமாந்தா இன்னொருத்தன் கண்ணு ஏமாறாதுன்னுதான் அப்படி வச்சிருக்காங்க. எவனோ எங்கயோ ஏமாந்திருக்கான், எத்தனையோ பேரு போயிருக்காங்க, அதுக்கப்புறம்தான் இந்த ரூலே வந்திருக்கும். எங்க ரூல் பூராவும் அப்படித்தான். ஆபீஸ்ல ஃபேன் காத்துல உக்காந்து எவனும் யோசிச்சு எழுதினதில்ல. பாதி ரூலுக்கு நாங்க ஊர் பேரே வச்சிருக்கோம்.

அரியலூர்னு ஒரு வார்த்தை சொன்னா எங்களுக்குப் போதும். ஐம்பத்தாறுல வெள்ளத்துல பாலம் போயி வண்டி ஆத்துல எறங்குச்சு. நூத்துக்கு மேல சனம். அதுக்காக அப்ப இருந்த ரயில் மந்திரி பதவிய விட்டாருன்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுப்பாங்க. எங்களுக்கு மந்திரி பெருசில்ல. மழை புடிச்சா கையில விளக்கோட தண்டவாளத்து மேல ஒருத்தன் நடந்துக்கிட்டே இருக்கான் பாருங்க, அவன்தான் பெருசு. புதுசா வந்தவன் எவனாவது அவனப் பாத்து ‘வெட்டியா நடக்கறான்’னு சொன்னா, பழைய ஆளுங்க ‘அரியலூர்’ம்பாங்க. அவன் வாய மூடிக்குவான். அப்புறம் பாம்பன். அறுபத்து நாலு புயல்ல பாலமும் போச்சு, அந்தப் பக்கம் போன வண்டியும் போச்சு. பின்னால அந்தப் பாலத்துல காத்த அளக்க ஒரு மிஷின் வச்சாங்க. ஒரு அளவுக்கு மேல அடிச்சா சிக்னல் தானாச் செவப்பு விழுந்துடும். டிரைவர் எவ்வளவு பெரிய சூரனா இருந்தாலும் நிக்க வேண்டியதுதான்.

நீங்க வந்த பெட்டியிருக்கே, அது புது மாதிரி. மோதினாலும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாது. பழைய பெட்டி ஏறும். ஏறினா உள்ள இருக்கறவங்க, வேண்டாம் விடுங்க. அதப் பாத்தவன் நான்.

பாருங்க, பேசிக்கிட்டே இந்தக் கம்பியத் தட்டிக்கிட்டிருக்கேன். அதுவும் ரூல்தான். என்ஜின்ல நிமிஷத்துக்கு ஒரு தடவையாவது ஏதாவது ஒரு பொத்தானத் தொடணும். தொடலன்னா டிரைவர் தூங்கிட்டான்னு அர்த்தம், விளக்கெரியும், சத்தம் போடும், அதுக்கும் அசையலன்னா வண்டி தானா நின்னுடும். எங்கயோ எவனோ அசந்து தூங்கினதுக்கு நான் சாப்பாட்டுத் தட்டத் தட்டிக்கிட்டுச் சாப்பிடறேன். என் வீட்டுக்காரி பிலோமினா தட்டப் புடுங்கிடுவா.

இவ்வளவு தெரிஞ்சவன் நான். ட்ரெயினிங் ஸ்கூல்ல என்னக் கூப்பிட்டு வகுப்பெடுக்கச் சொல்லுவாங்க. என்னையப் போயி இப்படி வராந்தாவுல நிறுத்தி வச்சிருக்காங்க.

ஆனா என் என்ஜின்ல நான் ஒரு ஒழுங்கு வச்சிருந்தேன். மொதல்ல நான் சொல்லுவேன், பின்னாடி அசிஸ்டெண்ட்டு சொல்லணும். எங்க கோயில்ல மன்றாட்டு மாலை சொல்றப்ப சாமியார் ஒரு பேரு சொல்லுவாரு, சனங்க எல்லாம் சேந்து ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’னு சொல்லுவாங்க. அந்த மாதிரி. நான் ‘பச்சை’ம்பேன். ‘பச்சை சார்’ம்பாங்க. ‘மஞ்சள்.’ ‘மஞ்சள் சார்.’ கேக்கவே நல்லா இருக்கும். என் கூட வேலை பாக்கறவனுங்க கேலி பண்ணுவானுங்க, சவரி என்ஜின்ல எப்பவும் பின்பாட்டு ஓடும்னு. ஓடட்டுமே. சர்க்குலர் வேற மாதிரி இருக்கு, அசிஸ்டெண்ட்டுதான் மொதல்ல சொல்லணும்னு எங்க டிவிஷன்ல ஒரு சர்க்குலர். அது எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்றேன், சின்னவங்க முந்திக்கிட்டுப் பேசி, பெரியவன் பின்னாடி தலையாட்டினா அதுல என்ன மரியாதை இருக்கு?

இந்த இசக்கி வந்த புதுசுல என்ன பண்ணிச்சு தெரியுமா? நான் வாயத் தெறக்கறதுக்குள்ள ‘பச்சை’ங்குது. சர்க்குலர் படி. நான் திட்டல, ஒரு வார்த்தை சொல்லல. ரெண்டு நாள் அதோட பேசாம வந்தேன். டீ ஊத்திக் குடுத்துச்சு, வாங்கல. மூணாம் நாள் தானாப் புரிஞ்சுக்கிச்சு. கெட்டிக்காரப் பொண்ணு, அதுல குத்தம் சொல்ல மாட்டேன். ரெண்டு வருஷம் எங்களுக்குள்ள ஒரு பிசிறு வந்ததில்ல. எங்க வீட்டுலதான் கிறிஸ்துமஸ் சாப்பாடு. பிலோமினாவ அக்கான்னுதான் கூப்பிடும்.

என்ன கேட்டீங்க? அந்த சர்க்குலரா?

அது தொண்ணூத்தாறுல. நான் அப்ப அசிஸ்டெண்ட்டு, வேலைக்கு வந்து ரெண்டு வருஷம். என் டிரைவர் பொன்னையா சார். அந்த மாதிரி மனுஷன இனிமே பாக்க முடியாது. என் மூத்த பொண்ணு பொறந்தப்ப ஆஸ்பத்திரியில வந்து பிலோமினாவுக்கு ரத்தம் குடுத்தவரு. அவர் ஒண்ணு சொன்னா மறுத்துப் பேச எனக்கு நாக்கு எழாது. அன்னிக்கு மழை, சாயங்காலம். சிக்னல் வருது. அவர் ‘பச்சை’ன்னாரு. நான் ‘பச்சை சார்’ன்னேன்.

ரெண்டே நிமிஷம். நின்னுக்கிட்டிருந்த சரக்கு வண்டிக்குப் பின்னாடி போயி மோதினோம். அதோட கடைசிப் பெட்டியில இருந்த கார்டு அங்கயே போயிட்டாரு. எங்க வண்டியில ரெண்டாவது பெட்டி மொதல் பெட்டி மேல ஏறிடுச்சு, ஒன்பது பேரு. பொன்னையா சாருக்கு ரெண்டு காலும் முட்டிக்குக் கீழ இல்ல. எனக்கு நெத்தியில ஏழு தையல். இங்க பாருங்க, முடியத் தள்ளினாத் தெரியும்.

விசாரணை இதே ரூம்லதான். பெரிய ஆபீசர் ஒருத்தரு, மெதுவாப் பேசுவாரு. சிக்னல் என்ன கலர்னு கேட்டாரு. பச்சைன்னேன். நாலு தடவ மாத்தி மாத்திக் கேட்டாரு. நாலு தடவையும் பச்சைதான். கடைசி வரைக்கும் நான் பொன்னையா சார விட்டுக் குடுக்கலம்மா. காலும் போயி பேரும் போனா அந்த மனுஷன் என்னத்துக்கு ஆவாரு? சிக்னல்ல கோளாறுன்னு எழுதினாங்க. அதுல ஒரு சிக்னல் ஃபிட்டருக்கு வேலை போச்சு, மன்னார்குடிக்காரரு. அப்புறம் சைக்கிள் கடை வச்சாருன்னு கேள்வி. நான் போயிப் பாக்கல.

நான் எந்திரிக்கறப்ப அந்த ஆபீசர் இன்னொண்ணு கேட்டாரு. நீ பச்சைன்னு சொன்னது டிரைவர் சொல்றதுக்கு முன்னாடியா, பின்னாடியான்னு. இதுல என்ன இருக்குன்னு நெனச்சு ‘பின்னாடி சார்’ன்னேன். அந்த ஒரு வார்த்தைக்கு அடியில கோடு போட்டாரு. மூணு மாசம் கழிச்சு சர்க்குலர் வந்துடுச்சு. அசிஸ்டெண்ட்டு தானாப் பாத்து மொதல்ல சொல்லணும், டிரைவர் அப்புறம்தான் சொல்லணும்னு. அதுக்கு ஊர் பேரு கிடையாது, பொன்னையா ரூல்ம்பாங்க. நியாயமாப் பாத்தா என் பேரத்தான் வச்சிருக்கணும். நான் சொன்ன பதில்லேருந்துதானே வந்துச்சு.

நான் என்ன பாத்தேன்னா? எப்ப? பாருங்க, நீங்களும் அந்த ஆபீசர் மாதிரியே கேக்கறீங்க. மழையிலம்மா. யாரு என்னத்தப் பாத்தா. விடுங்க.

நம்ம கதைக்கு வருவோம். சாயங்காலம் அஞ்சே முக்கால். அந்த ஸ்டேஷன் பேரு வேண்டாம், விசாரணையில இருக்கு. மேற்க பாத்துப் போறோம், சூரியன் நேரா மூஞ்சியில. வேகம் தொண்ணூறு. ஸ்டேஷனுக்கு முன்னாடி ரெண்டு சிக்னல் வரும். மொதல் சிக்னல் ரெண்டாவதுக்கு முன்னறிவிப்பு. அது மஞ்சளா இருந்தா அடுத்தது செவப்பு, வேகத்தக் கொறைன்னு அர்த்தம். பச்சைன்னா நேராப் போலாம். நான் பச்சைன்னேன். இசக்கி பச்சை சார்ன்னா. குனிஞ்சு ஏதோ எழுதிக்கிட்டிருந்தா, ஆனா சொன்னா. வேகத்தக் கொறைக்கல. அடுத்த சிக்னல் தெரிஞ்சுது. பச்சைன்னேன். பதில் சத்தம் வரல.

ரெண்டு வருஷத்துல மொத தடவ பதில் வரலம்மா. திரும்பிப் பாக்கறேன், எந்திரிச்சு நிக்கறா. ‘செவப்பு சார்’ங்கறா. பச்சைம்மாங்கறேன். ‘செவப்பு சார், செவப்பு.’ நான் மூணாந்தடவ பச்சைன்னு சொல்லி முடிக்கல, அவ பக்கத்துல ஒரு அவசர பிரேக் இருக்கு, அதப் புடிச்சு இழுத்துட்டா. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. டிரைவர்னு ஒருத்தன் கல்லு மாதிரி பக்கத்துல உக்காந்திருக்கேன், ஒரு உத்தரவு கேக்க வேண்டாமா? அப்பதான் உங்க டீ கொட்டினது, கை ஒடிஞ்சது எல்லாம்.

வண்டி சிக்னலத் தாண்டி நூத்தம்பது மீட்டர்ல நின்னுச்சு. முன்னாடியா? முன்னாடி அதே லைன்ல ஒரு சரக்கு வண்டி நின்னுக்கிட்டிருந்துச்சு. கிட்டத்தான். அதோட கடைசி வேகன்ல எழுதியிருந்த நம்பர இசக்கி வாய்விட்டுப் படிச்சுக்கிட்டே இருந்தா, திரும்பத் திரும்ப, பயத்துல. ஆயிரத்து நூறு பேரு வண்டியிலன்னு அப்புறம் சொன்னாங்க.

நின்னுடுச்சில்ல, யாரும் சாகலல்ல? அப்படித்தான் நானும் சொல்றேன். ஆனா எங்க வேலையில செவப்பத் தாண்டிட்டா ஒரு மீட்டரா இருந்தாலும் டிரைவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எனக்கு இன்னும் பதினாலு மாசம் சர்வீஸ் இருக்கு. மாலை போட்டு, என்ஜினுக்குப் பூ சுத்தி, ஸ்டேஷன் பூரா விசிலடிச்சு என்னைய அனுப்பணும். எங்கப்பாவ அப்படித்தான் அனுப்பினாங்க. அதுதாம்மா எனக்கு வேணும், வேற ஒண்ணும் வேணாம். இப்படிப் பின்வாசல் வழியா என்னால போக முடியாது.

அதனால நான் என்ன சொல்றேன்னா, அந்த சிக்னல் பச்சையா இருந்து, நாங்க கிட்ட வந்தப்ப பட்டுன்னு செவப்பா விழுந்துடுச்சு. அப்படி நடக்கும். அதப் பதிவு பண்ற மிஷின அந்த ஸ்டேஷன்ல மாத்திக்கிட்டிருந்தாங்க, அன்னிக்கு ஓடல. ஸ்டேஷன் மாஸ்டரு நான் செவப்புதான் போட்டிருந்தேங்கறாரு. நான் பச்சைங்கறேன். அப்ப மிச்சம் யாரு? இசக்கி. அவ என்ன சொல்றாளோ அதான் தீர்ப்பு. ஒரு நாள் ‘செவப்பு சார்’னு கத்தினவ இன்னிக்கு உள்ள உக்காந்து என்னத்தச் சொல்லிக்கிட்டிருக்காளோ, அம்பது நிமிஷமா.

கண்ணா? என் கண்ணுக்கென்ன? வருஷா வருஷம் செக்கப் உண்டு, போன தடவ கூட எல்லா வரியும் தப்பில்லாமப் படிச்சேன். அதுல ஒரு தமாஷு சொல்றேன். எனக்கு முன்னாடி அம்புரோஸ்னு என் சிநேகிதன் படிச்சான். நான் கதவுக்கு வெளிய நின்னு அவன் படிக்கற எழுத்தக் கேட்டே மனப்பாடம் பண்ணிட்டேன். சும்மா ஒரு தைரியத்துக்குத்தான். வயசானா எல்லாருக்கும் கொஞ்சம் மங்கத்தான் செய்யும், அதுக்காக வண்டி ஓட்டத் தெரியாதுன்னு ஆயிடுமா? அந்தப் பாதையில எந்த வளைவுல எந்த மரம் நிக்குதுன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன்.

சிக்னல் கோளாறுன்னா யாராவது மாட்டிக்குவாங்களேங்கறீங்க. மாட்டிக்குவாங்கதான். அதோ அந்தக் கோடியில டிபன் டப்பாவ மடியில வச்சுக்கிட்டு ஒருத்தரு உக்காந்திருக்காரு பாருங்க, அந்த சிக்னலப் பராமரிக்கறவரு அவருதான். காலையிலேருந்து அந்த டப்பாவத் தெறக்கல. நான் போயி ‘சாப்பிடுங்க’ன்னேன், ‘பசிக்கல சார்’ன்னுட்டாரு. நல்ல மனுஷன். நான் என்ன பண்ணட்டும், யாராவது ஒருத்தர் தலையில விழத்தானே செய்யும்.

இசக்கிகிட்ட நான் ஒரு வார்த்தை பேசலம்மா. சத்தியமா. சாட்சிகிட்டப் பேசறது தப்பு, அது எனக்குத் தெரியும். பிலோமினாதான் நேத்து போன் பண்ணி அழுதா. உங்க சாருக்கு ஏதாவது ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன் இசக்கின்னு. நான் சொல்லி அவ பண்ணல. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன், அவ்வளவுதான். நம்பர் போட்டுக் குடுத்தேன்.

ஏம்மா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. நீங்க அன்னிக்கு எந்தப் பக்கம் நடந்து வந்தீங்க? ஜன்னல் பக்கம் பாத்திருப்பீங்கல்ல? சிக்னல் கம்பம் தாண்டறப்ப ஒரு வெளிச்சம் அடிச்சிருக்கும். பச்சையா ஒரு வெளிச்சம். யோசிச்சுப் பாருங்க. பச்சையா ஏதோ தெரிஞ்ச மாதிரி இருந்துச்சுன்னு சொன்னாக் கூடப் போதும். பொதுமக்கள் சொன்னா அதுக்குத் தனி மதிப்பு. அவங்க கேக்கற மாதிரி நான் கேக்கறேன், நீங்க உள்ள சொல்ற மாதிரி சொல்லிப் பாருங்க. அம்மா, நீங்க என்ன கலர் பாத்தீங்க?

சொல்லுங்க.

பாக்கலன்னா பாக்கலன்னுதான் சொல்லுவேங்கறீங்க. சரி. அதுவும் சரிதான். கோவப்படாதீங்க. நான் வற்புறுத்தல.

இருங்க, கதவு தெறக்குது. வந்துட்டா. மூஞ்சியப் பாருங்க, பேயறைஞ்ச மாதிரி. இசக்கி, இங்க வா. என்னத் தாண்டிப் போகாத. என்ன சொன்ன உள்ள?

என்னது? சத்தமாச் சொல்லு.

பச்சைன்னா சொன்ன?

கேட்டீங்களாம்மா? பச்சையா இருந்துச்சு, கிட்ட வந்தப்பதான் செவப்பா மாறிச்சு, அதப் பாத்துதான் பிரேக் இழுத்தேன்னு சொல்லிக் கையெழுத்தும் போட்டுட்டாளாம். அக்கா அழுதாங்க சார்ங்கறா. நான்தான் சொன்னேனே, நல்ல பொண்ணுன்னு. அவ்வளவுதான், முடிஞ்சுது. நீங்க கூட சிரமப்பட வேண்டியதில்ல, வீட்டுக்குக் கெளம்பலாம். மாவுக்கட்டு எப்ப பிரிப்பாங்கன்னு சொன்னீங்க?

முடிஞ்சுதில்ல?

இசக்கி, இன்னொண்ணு கேட்டாங்களா? நீ சொன்னது எனக்கு முன்னாடியா பின்னாடியான்னு? கேட்டாங்களா. நீ என்ன சொன்ன?

‘பின்னாடி’ன்னாளாம்மா.

இல்ல, ஒண்ணுமில்ல. தண்ணி வேண்டாம். தொண்ணூத்தாறுல இதே கதவுலேருந்து நானும் இதே வார்த்தையச் சொல்லிட்டுத்தான் வெளிய வந்தேன். சரி அத விடு. இசக்கி, இப்ப இங்க ஆபீசர் யாரும் இல்ல, எழுதறவங்க இல்ல. எனக்கு மட்டும் சொல்லு. அன்னிக்கு நீ என்ன பாத்த?

என்னைய ஏன் பாக்கற? என் மூஞ்சியிலயா சிக்னல் இருக்கு? நீ என்ன பாத்தன்னு கேக்கறேன்.

‘நீங்க என்ன சொல்றீங்களோ அதான் சார்.’ கேட்டீங்களாம்மா இத? தொண்ணூறுல வண்டி ஓடுது, நான் மூணு தடவ பச்சைன்னு கத்தறேன், அப்ப இவ பயப்படல. என்னைய ஒரு மனுஷனாவே மதிக்காம இழுத்து நிறுத்தினா. இன்னிக்கு ஆடாம அசையாம ஒரு நாற்காலியில உக்காந்துக்கிட்டு, எங்க வீட்டுக்காரி போன்ல மூக்க உறிஞ்சினான்னு பச்சைங்கறா. இவ இன்னும் மூணு வருஷத்துல டிரைவர் ஆவாம்மா. இவ பக்கத்துல இன்னொரு பொண்ணு வந்து உக்காரும். அதுக்கு இவ என்னத்தக் கத்துக் குடுப்பா? நான் கத்துக் குடுத்ததத்தான் குடுப்பா. ஆயிரத்து நூறு பேரு பின்னாடி உக்காந்து டீ குடிச்சுக்கிட்டிருப்பாங்க.

நீங்க கேட்டீங்களே, மழையில நான் என்ன பாத்தேன்னு. மஞ்சள். பொன்னையா சாருக்குத் தெரியல, எனக்குத் தெரிஞ்சுது. நல்லாத் தெரிஞ்சுது. பாத்துக்கிட்டே பச்சை சார்ன்னேன். இருபத்தொம்பது வருஷமாச்சு, பிலோமினாகிட்டக் கூடச் சொன்னதில்ல. கார்டோட சேத்துப் பத்துப் பேரு. அந்த மன்னார்குடிக்காரரு வேற. அவரப் போயிப் பாக்க எனக்குப் பயம், அதான் போகல.

பியூன் என்னையக் கூப்பிடறாரு. வர்றேன்யா, வர்றேன். ஒரு தடவ கூப்பிட்டாப் போதும், காது எனக்கு நல்லாத்தான் இருக்கு.

ஏ இசக்கி, நீ எங்க படியெறங்கற? வா இங்க. கையெழுத்துப் போட்டா என்ன, அத அடிச்சுட்டு வேற எழுதச் சொல்லு. அம்மா, நீங்க சாட்சி. நான் இப்ப உள்ள போறதே இவ மேல புகார் குடுக்கத்தான். கண்ணால ஒண்ணப் பாத்துட்டு வாயால ஒண்ணு சொல்ற அசிஸ்டெண்ட்டு என்ஜின்ல இருக்கக் கூடாது. அதத்தான் சொல்லப் போறேன். பிரேக் போட்டதப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல, சரியாத்தான் போட்டா. உங்க கைக்கு மட்டும் என்னைய மன்னிச்சுக்கங்க, அது என் கணக்குல வர்றது.

அழாத. கண்ணத் தொடச்சுக்க. வேலை போனா எனக்குத்தான் போகுது, நீ எதுக்கு அழற? ரெண்டு பேரும் வர்றோம்னு அந்த ஆள்கிட்டச் சொல்லு. கதவத் தள்ளு. இல்ல, நான் இல்ல, நீ முன்னாடி போ. உக்காந்த ஒடனே அந்த சிக்னல் என்ன கலர்னு கேப்பாங்க. என் மூஞ்சியப் பாக்காம நீ மொதல்ல சொல்லு. சத்தமாச் சொல்லணும். அப்புறம் நான் உன் பின்னாடி சொல்றேன்.